வீட்டில் கட்டிய விமானத்துக்கு மஞ்சள் போர்டு கிடைக்குமா?

கேள்வி: ஐயா, டெக்சாஸ் மாநிலத்தில் ஆஸ்டின் அருகே வசிக்கிறேன். வேன்ஸ் நிறுவனத்தின் ஆர்வி-10 கிட்டை (பாகங்களாக வரும் விமானத் தொகுப்பு) வாங்கி, வீட்டு கராஜிலேயே ரிவெட் அடித்து, நான்கு பேர் அமரும் விமானமாகக் கட்டி முடித்திருக்கிறேன். சோதனைப் பறத்தல் நேரமும் முடிந்துவிட்டது. என்னிடம் தனியார் விமானி உரிமம் உள்ளது. பல் மருத்துவமனைகளின் நாற்காலி, எக்ஸ்ரே கருவி, கம்ப்ரசர் ஆகியவற்றைப் பழுதுபார்ப்பது என் தொழில். லபக், மிட்லண்ட், கார்ப்பஸ் கிறிஸ்டி என்று வாடிக்கையாளர்கள் சிதறிக் கிடக்கிறார்கள். வேலைக்கு இந்த விமானத்தில் போகலாமா? அந்தச் செலவை அவர்களிடம் வாங்கலாமா? டெக்னீஷியனை உடன் அழைத்துச் செல்லலாமா? வார இறுதியில் ஆளுக்கு 150 டாலர் வாங்கிக்கொண்டு ஏரிகளைச் சுற்றிக் காட்டினால் ஹேங்கர் (விமானக் கொட்டகை) வாடகையாவது தேறும் என்கிறார்கள் நண்பர்கள். எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கம், பொங்கல் விழா நிதிக்காக ‘விமான உலா’ ஒன்றைக் குலுக்கல் பரிசாகத் தரச் சொல்கிறது. தேவையென்றால் வணிக விமானி உரிமம் எடுக்கவும் தயார். என் மகளும் இதிலேயே பறக்கக் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறாள். எது சரி, எது கூடாது?

பதில்: முதலில் வாழ்த்துகள். ஆர்வி-10 கிட்டை வாங்குகிறவர்கள் நிறைய, பறக்கவிடுகிறவர்கள் குறைவு. பாதி கட்டிய வால்பகுதியைத் துணியால் மூடிவைத்துப் பெருமூச்சு விடும் கராஜ்கள் எத்தனையோ உண்டு.

உங்கள் கேள்விகள் ஆறேழு இருந்தாலும் அடியில் ஓடுவது ஒன்றுதான். நம் ஊரில் சொந்த ஓட்டுக் காருக்கு வெள்ளை போர்டு, வாடகைக் காருக்கு மஞ்சள் போர்டு. வெள்ளை போர்டில் சவாரி ஏற்றினால் ஆர்.டி.ஓ. பிடிப்பார். உங்கள் விமானம் வெள்ளை போர்டு. ஆனால் காருக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. காருக்கு வரியும் கட்டணமும் கட்டி மஞ்சள் போர்டுக்கு மாற்றிக்கொள்ளலாம். வீட்டில் கட்டிய விமானத்துக்கு மஞ்சள் போர்டு என்ற ஒன்றே கிடையாது. எந்த அலுவலகத்தில், எந்தக் கவுன்ட்டரில் விண்ணப்பித்தாலும் கிடைக்காது.

இதைச் சொல்லும் விதி, அமெரிக்க விமானப் போக்குவரத்து விதிகளில் 91.319. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ. உங்களுக்குக் கொடுத்திருப்பது ‘எக்ஸ்பெரிமென்டல்’, அதாவது சோதனை வகைச் சான்றிதழ். இந்த வகை விமானத்தைச் சான்றிதழில் சொன்ன நோக்கத்துக்கு வெளியே இயக்கக் கூடாது. ஊதியத்துக்கோ வாடகைக்கோ ஆளையோ பொருளையோ ஏற்றிச் செல்லவும் கூடாது. முதல் பகுதியைப் பார்த்துப் பலர் பயந்துபோகிறார்கள். “கல்விக்கும் பொழுதுபோக்குக்கும் என்றுதானே விதி சொல்கிறது, அப்படியானால் வேலைக்குப் போகவே கூடாதே” என்று கேட்கிறார்கள். விதியை நிதானமாகப் படியுங்கள். கல்வி, பொழுதுபோக்கு என்ற நிபந்தனை விமானத்தைக் கட்டும் பணிக்குத்தான். பெரும்பகுதியை, அதாவது பாதிக்கு மேல், தன் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ கட்டியவருக்கே இந்தச் சான்றிதழ் கிடைக்கும். கட்டி முடித்த பிறகு ஞாயிற்றுக்கிழமை காலை டிபனுக்கு மட்டும்தான் பறக்க வேண்டும் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

அடுத்து, வணிக விமானி உரிமம் பற்றி. பலரும் இடறும் இடம் இது. தனியார் உரிமம் வைத்திருப்பவர் காசு வாங்கிக்கொண்டு ஆள் ஏற்றக் கூடாது என்பது விமானிக்கான தடை, அது 61.113இல் இருக்கிறது. 91.319இல் உள்ள தடை விமானத்துக்கானது. நீங்கள் வணிக உரிமம் எடுங்கள், அதற்கு மேல் ஏர்லைன் கேப்டனாகவே ஆகுங்கள். அந்த ஆர்வி-10இன் கதவருகே இரண்டு அங்குல உயரத்துக்குக் குறையாத எழுத்தில் ‘எக்ஸ்பெரிமென்டல்’ என்று ஒட்டியிருக்கும்வரை அதில் ஏறும் ஒருவரிடமும் கட்டணம் வாங்க முடியாது. திறமை வளரும் என்பதற்காக வணிக உரிமம் எடுத்தால் மகிழ்ச்சி. ஹேங்கர் வாடகைக்காக என்றால் அந்தப் பணத்தை வாடகைக்கே கட்டிவிடுங்கள்.

ஏன் இத்தனை கறார் என்று கேட்பீர்கள். பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபரில் கலிஃபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில் விழுந்து இறந்த செய்தி நினைவிருக்கலாம். அவர் ஓட்டியது லாங்-ஈஸீ என்ற விமானம். பர்ட் ரூட்டனின் வடிவமைப்பு, வேறொருவர் கட்டியது, டென்வர் அதை அண்மையில்தான் வாங்கியிருந்தார். எந்த டாங்கிலிருந்து எரிபொருள் வர வேண்டும் என்று திருப்பும் கைப்பிடி, வரைபடத்தின்படி விமானியின் கால்களுக்கு இடையே இருக்க வேண்டும். கட்டியவர் அதை விமானியின் இடது தோளுக்குப் பின்னால் வைத்துவிட்டார். எந்தப் பக்கம் திருப்பினால் எது என்ற குறிகளும் இல்லை. அதைத் திருப்ப உடலை முறுக்கித் திரும்பியபோது வலது கால் ரடர் மிதியை (வாலில் உள்ள சுக்கானைத் திருப்புவது) அழுத்தியிருக்க வேண்டும், விமானம் கட்டுப்பாட்டை இழந்தது என்பது விசாரணை வாரியத்தின் முடிவு. புறப்படும் முன் எரிபொருள் நிரப்பாததையும் அது குறை சொன்னது.

கைப்பிடியை இடம் மாற்றியதில் சட்ட மீறல் எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். கட்டுகிறவருக்கு அந்தச் சுதந்திரம் உண்டு. நீங்களும் உங்கள் டாஷ்போர்டை உங்கள் விருப்பப்படிதானே அமைத்திருப்பீர்கள்? தொழிற்சாலையிலிருந்து வரும் செஸ்னா 172 ஒன்றை ஓட்டத் தெரிந்தவருக்கு இன்னொன்று பெரும்பாலும் பழகியதாகவே இருக்கும். வீட்டில் கட்டியவற்றில் ஒன்றைப் போல் மற்றொன்று இருக்காது. அரசாங்கம் கட்டுகிறவருக்குச் சுதந்திரத்தைக் கொடுத்துவிட்டு, காசு கொடுத்து ஏறும் அந்நியரை அதிலிருந்து விலக்கிவைத்தது. எனக்கு இது நியாயமான பேரமாகவே படுகிறது.

இனி உங்கள் தொழிலுக்கு வருவோம். இங்கே நல்ல செய்தி இருக்கிறது. தனியார் உரிமம் உள்ளவர் தன் தொழில் சம்பந்தமாக விமானத்தை ஓட்டிச் செல்ல 61.113 அனுமதிக்கிறது. அந்தப் பயணம் தொழிலுக்குத் துணையாக மட்டும் இருக்க வேண்டும், கட்டணத்துக்கு ஆளோ பொருளோ ஏற்றக் கூடாது. உங்கள் தொழில் கம்ப்ரசர் பழுதுபார்ப்பது. லபக்குக்குக் காரில் போனால் ஆறு மணி நேரம், உங்கள் விமானத்தில் இரண்டு மணி நேரம். எதில் போய் இறங்கினாலும் அங்கே செய்யப்போவது ஒரே வேலை. ஆகவே தாராளமாகப் போகலாம். உங்கள் ஸ்பானர்களையும் மீட்டரையும் உதிரிப் பாகங்களையும் எடுத்துச் செல்லலாம்.

ஒரு சிறு குறிப்பு. வானிலை சரியில்லாத நாளில் தயங்காமல் காரை எடுங்கள். உயிருக்கு நல்லது என்பது ஒரு பக்கம். விமானம் இல்லாமலும் உங்கள் தொழில் நடக்கிறது என்பதற்கு அந்த கார் பயணங்களே சாட்சி. ‘நாங்கள் பறந்து வந்து சரிசெய்வோம்’ என்று விளம்பரம் செய்துவிட்டால் அந்தச் சாட்சி போய்விடும். கூடவே, வாடிக்கையாளர் காத்திருக்கிறாரே என்ற அவசரத்தில் மேகத்துக்குள் நுழையும் கட்டாயத்தை நீங்களே வரவழைத்துக்கொள்வீர்கள்.

பில் விஷயத்தில் கவனம் தேவை. வாடிக்கையாளருக்கு எழுதும் பில்லில் ‘விமானச் செலவு’, ‘விமானத்தில் பொருள் கொண்டுவந்தது’ போன்ற வரிகள் வேண்டவே வேண்டாம். லபக் மருத்துவர் ஒரு மோட்டாரை ஆர்டர் செய்கிறார், அதை நீங்கள் பறந்து கொண்டுபோய்க் கொடுத்து டெலிவரிக்குத் தனியாக 200 டாலர் வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நாளை ஒரு விசாரணை அதிகாரி அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, இது வாடகைக்குப் பொருள் ஏற்றியதுதானே என்று கேட்டால் நான்கூட உங்களுக்காக வாதாடத் திணறுவேன். ஊருக்கு இவ்வளவு என்று ஒரு வருகைக் கட்டணம் வைத்துவிடுங்கள். காரில் போனாலும் அதே, விமானத்தில் போனாலும் அதே.

டெக்னீஷியனை அழைத்துச் செல்வது இன்னும் கொஞ்சம் நுட்பமானது. அவரும் நீங்களும் ஒரே வேலைக்குப் போகிறீர்கள், அவர் உங்களுக்குக் காசு கொடுக்கப்போவதில்லை. அந்த அளவில் தடை இல்லை. சிக்கல், செலவை யார் திருப்பித் தருகிறார்கள் என்பதில்தான். நீங்கள் மட்டும் பறந்து, நிறுவனம் உங்களுக்கு எரிபொருள் செலவைத் தந்தால் அது ஒரு நிலைமை. உடன் ஆள் இருக்கும்போது நிறுவனம் முழுச் செலவையும் தந்தால், ஆளை ஏற்றிச் சென்றதற்குக் கிடைத்த ஊதியமாக எஃப்.ஏ.ஏ.யின் சட்டப் பிரிவு அதைப் பார்க்கிறது. ஆகவே டெக்னீஷியன் உடன் வரும் நாட்களில் செலவை உங்கள் சொந்தப் பையிலிருந்தே செய்யுங்கள், நிறுவனக் கணக்கிலிருந்து எடுக்காதீர்கள். வரிச் சலுகை கொஞ்சம் போகும், போகட்டும்.

அவரிடம் ஏறுமுன்பே இது எக்ஸ்பெரிமென்டல் விமானம் என்று சொல்லியாக வேண்டும், அதுவும் 91.319இல் இருக்கும் கடமை. உள்ளே பயணிகள் கண்ணில் படும்படி எச்சரிக்கைப் பலகை ஒட்டியிருப்பீர்கள். இது தனியார் கட்டியது, வழக்கமான விமானங்களுக்கான பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டதில்லை என்று அது சொல்லும். சம்பளம் தரும் முதலாளி “வா, ஏறு” என்றால் தொழிலாளி மறுக்கத் தயங்குவார். வர விருப்பமில்லை என்றால் காரில் வரலாம், வேலைக்கு எந்தப் பாதிப்பும் இல்லை என்று எழுத்திலேயே கொடுங்கள். டெக்சாஸில் தனியார் முதலாளிகள் தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு எடுத்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நீங்கள் எடுக்காதவர் என்றால், ஒரு விபத்தில் அவர் குடும்பம் கவனக்குறைவு என்று உங்கள் மேல் நேராக வழக்குப் போட முடியும். அந்த நிலையில் அவரை விமானத்தில் ஏற்றவே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

ஏரி உலாவுக்கு வருவோம். ஆளுக்கு 150 டாலர் என்றால் கூடாது. ‘கட்டணம் இல்லை, நன்கொடை’ என்றாலும் கூடாது. வாட்ஸ்அப் குழுவில் அறிவித்துவிட்டு, வந்தவர்களிடம் பெட்ரோல் செலவில் பங்கு என்று வாங்கினாலும் கூடாது. பெயரை மாற்றுவதால் பணத்தின் குணம் மாறாது. பிற்காலத்தில் வியாபாரம் தரும் என்று நம்பிச் சம்பாதிக்கும் நல்லெண்ணத்தைக்கூட ஊதியக் கணக்கில் எஃப்.ஏ.ஏ. சேர்த்த வழக்குகள் உண்டு. ஃப்ளைட்நவ் என்ற நிறுவனம், தனியார் விமானிகள் தங்கள் பயணத்தை இணையத்தில் அறிவித்து, சேர்ந்துகொள்கிறவர்களுடன் செலவைப் பங்கிட ஏற்பாடு செய்தது. பொதுமக்களை அழைத்து ஏற்றுவது பொதுப் போக்குவரத்துத்தான் என்று 2014இல் எஃப்.ஏ.ஏ. சொன்னது. 2015இல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. உச்ச நீதிமன்றம் 2017 ஜனவரியில் வழக்கை எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டது. அந்த விமானிகள் பறக்க நினைத்தது முறையான சான்றிதழ் பெற்ற விமானங்களில்கூட இருக்கலாம். அவர்களுக்கே அந்தக் கதி.

நெருங்கிய நண்பரோடு சான் ஆன்டோனியோ போய் வருகிறீர்கள், எரிபொருளில் பாதியை அவர் தருகிறார். இது என்ன? தனியார் விமானி தன் பங்கைக் குறைக்காமல் எரிபொருள், ஆயில், விமான நிலையக் கட்டணம், வாடகை ஆகியவற்றைப் பயணிகளோடு பங்கிடலாம் என்று 61.113 விலக்கு அளிக்கிறது. அந்த விலக்கு விமானிக்கான விதியில் எழுதப்பட்டிருக்கிறது, 91.319இல் அப்படி ஒரு வரி இல்லை. வீட்டில் கட்டிய விமானக்காரர்கள் பலர் பங்கிடத்தான் செய்கிறார்கள். என்னைக் கேட்டால், அந்த இடைவெளியின் ஆழத்தை அளக்கும் ஆளாக நீங்கள் இருக்க வேண்டாம். நண்பரிடம் எரிபொருள் காசு வாங்காதீர்கள்.

தமிழ்ச் சங்கத்துக்கு நல்ல மனதோடு உதவ நினைக்கிறீர்கள், ஆனாலும் முடியாது. அறப்பணிக்காகப் பணம் திரட்டும் உலாப் பயணங்களுக்கென்றே 91.146 என்று தனி விதி இருக்கிறது. அதே விமான நிலையத்தில் புறப்பட்டு அங்கேயே இறங்க வேண்டும், 25 மைல் சுற்றளவுக்குள் இருக்க வேண்டும், தனியார் விமானிக்கு 500 மணி நேர அனுபவம் வேண்டும் என்று நிபந்தனைகள் நீளும். அவற்றில் ஒன்று, விமானத்துக்கு வழக்கமான தகுதிச் சான்றிதழ் இருக்க வேண்டும் என்பது. உங்களுடையது எக்ஸ்பெரிமென்டல் என்ற சிறப்புச் சான்றிதழ், அங்கேயே கதை முடிந்தது. சங்கச் செயலாளரிடம் இதைச் சொல்லத் தர்மசங்கடமாக இருந்தால் இந்தப் பதிலையே காட்டிவிடுங்கள். குழந்தைகளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்றால் வழி இருக்கிறது. 1992 முதல் ‘யங் ஈகிள்ஸ்’ என்ற பெயரில் எட்டு முதல் பதினேழு வயது வரையுள்ளவர்களை ஈ.ஏ.ஏ. (எக்ஸ்பெரிமென்டல் ஏர்கிராஃப்ட் அசோசியேஷன்) என்ற அமைப்பின் விமானிகள் இலவசமாகப் பறக்க அழைத்துச் செல்கிறார்கள். வீட்டில் கட்டிய விமானங்களும் அதில் பறக்கின்றன. ஒரு காசும் கைமாறாததால் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. உங்கள் பகுதியில் உள்ள அதன் கிளையில் சேர்ந்து, தமிழ்ச் சங்கத்துப் பிள்ளைகளை வரவழையுங்கள்.

மகள் கற்றுக்கொள்வதைப் பற்றிக் கேட்டீர்கள். 2021, 2022 வாக்கில் இந்தக் கேள்வி வந்திருந்தால் பதில் நீண்டிருக்கும். 2021இல், பழைய போர் விமானங்களில் காசுக்குப் பயிற்சி கொடுத்த ஒரு நிறுவனத்தின் வழக்கு எஃப்.ஏ.ஏ.க்குச் சாதகமாக முடிந்தது. அதை ஒட்டி, சொந்த எக்ஸ்பெரிமென்டல் விமானத்தில் சம்பள ஆசிரியரிடம் பயிற்சி எடுக்கக்கூட உரிமையாளர் ஒரு விலக்குக் கடிதம் வாங்க வேண்டும் என்று அந்தத் துறை அறிவித்தது. தன் விமானத்தில் தனக்குப் பாடம் எடுப்பவருக்குச் சம்பளம் கொடுக்க மனு போட வேண்டுமா என்று விமானிகள் கொதித்தார்கள். 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் சட்டத்தின் மூலமே அதை நீக்கியது. பிறகு விதிகளும் மாறிவிட்டன. இப்போது ஆசிரியருக்குச் சம்பளம் கொடுத்து உங்கள் மகள் உங்கள் விமானத்தில் கற்கலாம். ஆசிரியரே விமானத்தையும் தருபவராக இருக்கக் கூடாது. பயிற்சிக்குக் கிடைக்கும் என்று விமானத்தை விளம்பரம் செய்யக் கூடாது. விமானத்தை வைத்திருக்கவும் ஓட்டவும் பராமரிக்கவும் ஆகும் செலவுக்கு மேல் யாரும் வாங்கக் கூடாது. ஆனால் தகப்பனாகவும் ஒன்று யோசியுங்கள். 260 குதிரைத் திறன் உள்ள ஆர்வி-10 முதல் பாடத்துக்கு ஏற்ற வண்டியா? அடிப்படையை ஒரு செஸ்னாவிலோ தொழிற்சாலையில் கட்டிய லைட்-ஸ்போர்ட் என்ற எளிய சிறு விமானத்திலோ கற்றுவிட்டு வரட்டும். அவற்றைப் பயிற்சிப் பள்ளிகள் முறைப்படி வாடகைக்குத் தருகின்றன.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முதல் விமானத்தைக் கட்டியவருக்கு அடுத்து வரும் யோசனை இதுதான்: இன்னொன்று கட்டி விற்கலாமே! கட்டிய விமானத்தைப் பிற்பாடு விற்பதில் தவறில்லை. விற்பதற்காகவே கட்டினால், கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ கட்டினேன் என்று நீங்கள் கையெழுத்திடும் உறுதிமொழி பொய்யாகிவிடும். அரசிடம் தெரிந்தே பொய் சொல்வது இந்த நாட்டில் குற்றவியல் வழக்கு.

கணக்கர் யாராவது, விமானத்தை வைத்திருக்க மட்டும் தனியாக ஒரு எல்.எல்.சி. (வரையறுக்கப்பட்ட பொறுப்பு நிறுவனம்) தொடங்கி உங்கள் தொழில் நிறுவனத்திடம் மணிக்கு இவ்வளவு என்று வசூலிக்கச் சொன்னால் கேட்காதீர்கள். விமானம் ஓட்டுவதைத் தவிர வேறு தொழில் இல்லாத ஒரு நிறுவனம் அதற்குக் காசு வாங்கினால், பறத்தல் துணையானது என்ற உங்கள் வாதம் அப்படியே கவிழ்ந்துவிடும். விமானம் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். ஆண்டுதோறும் செய்ய வேண்டிய பரிசோதனையை நீங்களே செய்து கையெழுத்திடும் பழுதுபார்ப்பாளர் சான்றிதழும், கட்டியவர் என்ற முறையில் உங்கள் பெயரில்தான் கிடைக்கும்.

லபக்குக்குக் கிளம்பும் முன் இரண்டு தாள்களை எடுத்துப் படியுங்கள். ஒன்று, சான்றிதழோடு எஃப்.ஏ.ஏ. கொடுத்த இயக்க வரம்புகள். அதை எப்போதும் விமானத்தில் வைத்திருக்க வேண்டும். இரவில் பறக்கவும் மேகத்துக்குள் கருவிகளை நம்பிப் பறக்கவும் அனுமதி இருக்கிறதா என்பது அதில்தான் இருக்கும். மற்றொன்று காப்பீட்டுப் பாலிசி. ‘பயன்பாடு’ என்ற இடத்தில் ‘பொழுதுபோக்கும் தொழிலும்’ என்று இருக்கிறதா, பொழுதுபோக்கு மட்டும்தானா என்று பாருங்கள். பல பாலிசிகளில் அதற்கு அடுத்த வரியே ‘கட்டணம் வாங்கும் எந்தப் பயணமும் நீங்கலாக’ என்றுதான் இருக்கும். வாடிக்கையாளரிடம் வேலைக்குப் போவது, உதிரிப் பாகங்கள் எடுத்துச் செல்வது, சில நாட்களில் ஊழியர் ஒருவர் உடன் வருவது ஆகிய மூன்றையும் ஏஜென்டுக்கு மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்கள். போனில் “அதெல்லாம் பரவாயில்லை சார்” என்று சொன்னால் போதாது. எழுத்தில் பதில் வந்த பிறகு முதல் பயணத்தை வைத்துக்கொள்ளுங்கள்.